‘பாத்து வாங்க’ வழக்கு

நவம்பர் 4, 1968. திங்கள்.

விடாத மழை. கோட்டு காயவில்லை. அடுப்புக்கு மேல் கொடி கட்டி அம்மா உலர்த்தியதில் கோட்டு முழுக்கப் புகை வாசம். அதையே மாட்டிக்கொண்டு தேவகோட்டை பஸ். கண்டக்டர்: "டாக்டரம்மா, இங்குட்டுத் தள்ளி நில்லுங்க." கறுப்புக் கோட்டு போட்ட டாக்டரை இவர் எந்த ஊரில் பார்த்தாரோ! வக்கீல் என்றேன். "பொம்பளை வக்கீலா?" என்று வாயைப் பிளந்தவர் பாக்கிச் சில்லறை கொடுக்க மறந்துவிட்டார். நான் விடுவேனா, கேட்டு வாங்கினேன்.

பெரிய செய்தி: சீனியர் (இனி சீ.) என் மேஜையில் ஒரு கேஸ் கட்டைத் தூக்கிப் போட்டார். "படிச்சு வை. அடுத்த வாரம் விசாரணை. பக்கத்துல உக்காந்து எடுத்துக் குடுக்கணும்." கோர்ட்டில் வாய்தா கேட்பதைத் தவிர நான் இதுவரை வேறெதற்கும் வாயைத் திறந்ததில்லை. விசாரணையில் பக்கத்தில் உட்காருவது! எடுத்துக் கொடுப்பது! வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் கட்டைப் பிரித்தேன்.

வழக்கு இதுதான். போன வருஷம் ஆவணியில் கண்டனூரில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். தவில் வாசிக்க வந்தவர் காரைக்குடி சோலைமலை, நம் கட்சிக்காரர். திருப்பூட்டும் நேரம் (தாலி கட்டுவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்). கெட்டிமேளத்துக்குக் கை காட்டுகிறார்கள். முன்பக்கம் உட்கார்ந்து வாசித்தவர் எழுந்து, வளவுக்குள், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரத்துக்குள், தவிலோடு வேகமாக வருகிறார். வழுக்கி விழுகிறார். தவிலுக்கு அடியில் வலது மணிக்கட்டு. முறிவு. கெட்டிமேளம் இல்லாமலே தாலி ஏறியது. சமையல்காரர் ஓடி வந்து சாம்பார் வாளியைக் கரண்டியால் தட்டினாராம்! படிக்கும்போதே சிரித்துத் தொலைத்துவிட்டேன். சீ. முறைத்தார்.

நாம் சொல்வது: தரையில் எண்ணெய்.

அவர்கள் சொல்வது: சோலைமலை குடித்திருந்தார்.

மதுவிலக்கு இருக்கிற நாட்டில் இது சாதாரணப் பேச்சா?

5, செவ்வாய்.

மழை. செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுத்தாயிற்று.

யாரிடம் இந்த வழக்கைச் சொன்னாலும் ஒரே பதில். குறித்து வைக்கிறேன்:

அம்மா: "கண்ணைப் பொடனியிலயா வச்சிருந்தான்?"

அண்ணன்: "விழுந்தவன் எந்திரிச்சுப் போவானா, கோர்ட்டுக்குப் போவானா?"

செருப்பு தைப்பவர்: "பாத்து நடந்திருக்கணும்."

பக்கத்து வீட்டு அக்கா: "அவரு நேரம்."

ஆக, நம் ஊரில் விழுந்தவன்தான் குற்றவாளி. குளத்துப்படிப் பாசியில் வழுக்கினால் அவன் குற்றம். கடை வாசலில் கொட்டிய மண்ணெண்ணெயில் வழுக்கினால் அவன் குற்றம். திருக்கோஷ்டியூர் தெப்பத்தில் விளக்கேற்றிய எண்ணெயில் மாமா கால் பிசகி மூன்று மாதம் கட்டிலில் கிடந்தாரே, அப்போதும் அதேதான், "இம்புட்டுக் கூட்டத்துல உன்னை யாரு போகச் சொன்னது?" எண்ணெய் ஊற்றியவரை யாரும் கேட்கவே இல்லை. எனக்கு வந்ததே கோபம். அண்ணனுக்குத் தோசை போடாமல் எழுந்துவிட்டேன்.

சீ.யின் புத்தகத்தில் ஒன்று கண்டுபிடித்தேன். அடேயப்பா! ஒரு வீட்டுக்கு வருகிறவர்களில் இரண்டு தினுசாம். சும்மா விருந்தாளியாக வருகிறவர் ‘லைசென்ஸி’. வீட்டுக்காரரின் காரியத்துக்காகக் கூப்பிட்டு வருகிறவர் ‘இன்வைட்டி’. இன்வைட்டிக்குத்தான் மரியாதை அதிகம். அவர் நடக்கிற தரையை வீட்டுக்காரர் ஆபத்தில்லாமல் வைக்க வேண்டும். அப்படியாக, பத்திரிகை அடித்துக் கூப்பிட்ட மாமன் மச்சான் எல்லாம் சட்டத்தில் கீழே, வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்துக் கூப்பிட்ட மேளக்காரர் மேலே! இதை எந்தக் கல்யாண வீட்டிலாவது சொன்னால் பந்தியிலிருந்து பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

ஒரு ஓட்டையும் இருக்கிறது. ஆபத்து இருப்பதைத் தெளிவாக எச்சரித்திருந்தால் வீட்டுக்காரர் தப்பிக்கலாம். எச்சரித்ததாக இதுவரை யாரும் சொல்லவில்லை. நல்லது.

6, புதன்.

தூறல். சோலைமலை ஆபீசுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். குடையை மடக்கும்போதே அதில் தாளம் போடுகிறார். பேசும்போது மேஜையில். கேட்கும்போது தொடையில். சீ.: "கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்கய்யா." ஒரு நிமிஷம் இருந்தார். பிறகு கால் விரல்.

நான்: "கை எப்படி இருக்கு?"

"கை கூடிருச்சு வக்கீலம்மா. பேருதான் கூடலை."

விழுந்த அன்று மதியமே "மேளக்காரன் தண்ணி போட்டிருந்தான்" என்று பேச்சாம். வலியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்து யாரோ சொன்னது. கண்டனூரிலிருந்து காரைக்குடி வருவதற்குள் அது இரண்டு புட்டியாகிவிட்டது. அதிலிருந்து ஒரு கல்யாணத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. கையில் கட்டுப் பிரித்து மாதங்கள் ஆகியும். நாயனம் வாசிக்கும் மச்சான் வேறு தவில்காரரை வைத்துக்கொண்டு போகிறார். "தை வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல என்னையக் குத்தம் சொல்லப்படாது" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாராம். இவர் சந்தையில் வாழையிலைக் கட்டு விற்கிறார்.

"நஷ்ட ஈடு என்ன குடுத்தாலும் சரிதேன், குடுக்காட்டியும் சரிதேன். இவன் குடிக்கலைன்னு கோர்ட்டு வாயால ஒரு வார்த்தை வரணும். ஊரு வாயி மேல கேசு போட முடியுமா? தரை மேலதானே போட முடியும்?"

தரை குற்றவாளி என்றால் இவர் குற்றவாளி இல்லை. அவ்வளவுதான் வழக்கு. நாங்கள் தோற்றால், குடித்துத்தான் விழுந்தான் என்று கோர்ட்டே சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆனால் என்ன வழக்கு! என்ன வழக்கு!

7, வியாழன்.

மழை விட்டது. தரையைப் பார்க்காமல் எப்படி? சீ.யிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கண்டனூர் பஸ் ஏறினேன்.

தெரு நெடுக அரண்மனை மாதிரி வீடுகள். எல்லாம் பூட்டு. ஒரே ஒரு வீடு திறந்திருந்தது, அதுதான் நான் தேடிப் போன வீடு. வாசலில் ஓர் ஆச்சி, அம்மா வயதுதான் இருக்கும், காதில் வைரத் தோடு, சேலையை இழுத்துச் செருகியிருந்தார். நான் யார் என்று கேட்கவே இல்லை. "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. உள்ள வாங்க." உட்கார வைத்துத் தேன்குழல், காப்பி. பெயர் விசாலாட்சி ஆச்சி. அன்றைக்குக் கல்யாணப் பெண்ணின் அம்மா! மகளும் மாப்பிள்ளையும் மலேயாவில் சுகமாம். கெட்டிமேளம் கேட்காமல் கட்டிய தாலிக்கு ஒன்றும் ஆகவில்லை. வருகிற தையில் சின்ன மகளுக்குக் கல்யாணம், அதற்குத்தான் வீட்டைத் திறந்து சுத்தம் செய்கிறார்கள்.

தேன்குழலைத் தட்டில் வைத்தேன். இதற்கு மேல் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. "ஆச்சி, நான் சோலைமலையோட வக்கீல் ஆபீசுலேருந்து வர்றேன்" என்றேன்.

ஆச்சி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "வழக்கு அங்குட்டு இருக்கட்டும். காப்பி இங்குட்டு ஆறுதுல்ல, குடிங்க" என்றார்.

வளவில் இரண்டு பெண்கள் எண்ணெய்த் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல். சிவப்பும் பச்சையும் பூவுமாக, முகம் பார்க்கலாம். எழுந்து இரண்டு எட்டு வைத்தேன். சர்ர்ர்! தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வழுக்கிவிட்டேன்! ஐயோ, எவ்வளவு சந்தோஷம்! தூணுக்கு ஒரு முத்தம் கொடுத்திருப்பேன், ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆச்சி சத்தம் போட்டார்: "ஏ பொண்டுகளா, உமி எங்கடி? தொடைச்ச கையோட உமியைப் போட்டுத் தேய்க்கணும்னு ஒங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?"

உமி! தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கை எல்லாம் எடுத்துவிடுமாம். பளபளப்பு மட்டும் நிற்கும்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். "பாத்துப் போங்க."

நல்ல மனுஷி. எதிர்க்கட்சியாகப் போய்விட்டாரே என்று இருந்தது.

8, வெள்ளி.

சீ.க்கு எப்படியோ தெரிந்துவிட்டது. திட்டு. "எதிர்க்கட்சி வீட்டுல போயி உக்காந்து தேன்குழல் தின்னுட்டு வந்திருக்கே! அந்த அம்மா சாட்சி லிஸ்ட்ல இருக்கு, தெரியுமா? ஒரு வார்த்தை வழக்கைப் பத்திப் பேசியிருந்தா உன் வக்கீல் சன்னதைப் பிடுங்கிருவாங்க." பேசவில்லை என்று சத்தியம் செய்தேன். "கண்டனூர் போனதை இனிமே மூச்சு விடப்படாது." சரி என்றேன். தேன்குழல் நன்றாக இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சீ.க்கு இருமல். கஷாயம் குடிக்கச் சொன்னேன். கேட்கவில்லை.

10, ஞாயிறு.

எண்ணெய்க் கத்திரிக்காய். மழை திரும்ப.

கிணற்றடியில் அம்மா வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். ஓடிப் போய்த் தூக்கினேன். தூக்கும்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தை: "கண்ணை எங்க வச்சிருந்தே?"

அம்மா: "இவ வக்கீலாம்! பாசியைத் தேய்ச்சு விடுன்னு எத்தனை நாளாச் சொல்றேன் உன்கிட்ட?"

பேசாமல் தேங்காய் நார் எடுத்துப் போய்க் கிணற்றடி முழுக்கத் தேய்த்தேன். அம்மாவுக்கு அடி ஒன்றும் இல்லை.

12, செவ்வாய்.

விசாரணை! கோட்டில் புகை வாசம் போய்விட்டது. கோர்ட்டில் நல்ல கூட்டம். பொம்பளை வக்கீலைப் பார்க்க வந்தார்களா, சாம்பார் வாளிக் கதையைக் கேட்க வந்தார்களா, தெரியாது.

சோலைமலை கூண்டில். சொன்னதைச் சொன்னார், பிசகவில்லை. கை மட்டும் கூண்டுக் கட்டையில் தாளம். முன்சீப்: "என்ன சத்தம் அது?" சோலைமலை கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பிறகு எதிர் வக்கீல் (எ.வ.) எழுந்தார். நல்ல உயரம், கணீரென்ற குரல். கட்சிக்காரரை நீ, வா, போ என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"காலையில என்ன குடிச்சே?"

"காப்பி."

"அதுக்கப்புறம்?"

"இன்னொரு காப்பி."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் விழுந்துட்டேன்யா."

சிரிப்பு. எ.வ.வுக்கு மூக்கு சிவந்தது. "அதே தரையில நூறு பேரு நடந்தாங்க. நீ மட்டும் ஏன் விழுந்தே?"

"நூறு பேரு வயித்துக்கு முன்னாலயும் தவிலு தொங்கலைங்களே. காலைப் பாக்க முடியாதுங்க எனக்கு."

சீ. என் முழங்கையை இடித்தார். எழுதிக்கொள் என்று அர்த்தம். எழுதியிருந்தேன், அடிக்கோடு போட்டு!

13, புதன்.

காலையில் செட்டியார், பெண்ணின் அப்பா. வெள்ளை வேட்டி, கசங்காத சட்டை. அவர் சொன்னது: வீடு அஞ்சு பங்காளிகளுக்குப் பொது, வளவும் பொது, தன் மேல் மட்டும் வழக்குப் போட்டது செல்லாது.

முன்சீப் பேனாவை நிறுத்திக் கேட்டார்: "கல்யாணத்தன்னைக்கு வீட்டுச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான்."

முன்சீப் எழுதிக்கொண்டார். சாவி யார் கையிலோ தரை அவர் பொறுப்பு. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது! குதிக்காமல் உட்கார்ந்திருக்க நான் பட்ட பாடு.

மதியத்துக்கு மேல் விசாலாட்சி ஆச்சி. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டேன்.

எ.வ.: "சோலைமலை வீட்டுக்குள்ள வரும்போது வாசல்ல நின்னு நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"பாத்து வாங்கன்னு சொன்னேன்."

எ.வ. முகத்தில் ஒரு வெளிச்சம். "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தார். சாட்சி தமிழில் சொல்வதை முன்சீப் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடிப்பார். சொன்னார்: "ஐ வார்ன்ட் ஹிம் டு பி கேர்ஃபுல்." அவரை நான் எச்சரித்தேன். டக் டக் டக், அடித்தாயிற்று!

எச்சரிக்கை! அந்த ஓட்டை! ‘பாத்து வாங்க’ என்றால் எச்சரிக்கையா? சீ. ஆட்சேபிக்க எழுந்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. குரல் சுத்தமாகப் போய்விட்டது. முன்சீப் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "குறுக்கு விசாரணை நாளைக்கு" என்று எழுந்துவிட்டார்.

வராந்தாவில் சீ. என் காதருகே குனிந்து காற்றாகவே சொன்னார்: "நாளைக்கு நீ."

நான்! குறுக்கு விசாரணை! கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா அண்ணனிடம்: "இவளுக்கு மாப்பிள்ளை பாக்குறதைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பா. என்னமோ மாதிரி இருக்கா."

14, வியாழன்.

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் கிளம்பும்போது அம்மா வாசலில், "பாத்துப் போடி." தினமும் சொல்வதுதான். தெருவில் எண்ணெயும் இல்லை, பள்ளமும் இல்லை, நான் போவது நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு. எதை எச்சரிக்கிறாள் என்னை? ஒன்றையும் இல்லை! நடுத்தெருவில் நின்றுவிட்டேன். சைக்கிள்காரர் திட்டினார். திட்டட்டும்.

கோர்ட். எழுந்தேன்.

"ஆச்சி, கல்யாணத்தன்னைக்கு வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு கேட்டது நீங்கதானா?" (வாங்க என்று வரவேற்பதைத்தான் ‘கேட்பது’ என்போம்.)

"பொண்ணைப் பெத்தவ நான்தானே நிக்கணும்?"

"சம்பந்தி வீட்டாரை என்ன சொல்லிக் கேட்டீக?"

"வாங்க, பாத்து வாங்கன்னு."

"பந்தல் போட்டவுகளை?"

"அவுகளையும் அப்படித்தான்."

"தயிர் கொண்டாந்தவுகளை?"

"அவுகளும் வீட்டுக்கு வந்தவுகதானே? ஏன், போன வாரம் நீங்க வந்துட்டுப் போனப்பவும் பாத்துப் போங்கன்னு சொன்னேனே, மறந்துட்டீகளா?"

கோர்ட்டே சிரித்தது. சீ. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முன்சீப் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பயந்து செத்தேன். "வழக்கைப் பத்திப் பேசுனீங்களா?" என்று ஆச்சியைக் கேட்டார். "காப்பி குடிக்கச் சொன்னேன், வேற ஒண்ணும் பேசலை" என்றார் ஆச்சி. "மேலே போகலாம்" என்றார் முன்சீப்.

"ஆச்சி, நேத்து நீங்க சொன்னதை இங்கிலீஷ்ல எழுதியிருக்காக. அதைத் தமிழ்ல சொல்றேன், சரியான்னு சொல்லுங்க. ‘அவரை நான் எச்சரித்தேன்.’"

எ.வ. எழுந்து குதித்தார். முன்சீப் உட்காரச் சொன்னார்.

"என்னன்னு எழுதியிருக்கு?" என்றார் ஆச்சி.

"நீங்க எச்சரிச்சீகன்னு."

"யாரு, நானா?" ஆச்சியின் தோடு ஆடியது. "கல்யாண வீட்டு வாசல்ல நின்னு நான் எச்சரிக்கை பண்ணுனேனா? வந்தவுகளை வாங்கன்னு கேட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். எச்சரிக்கை பண்ணிப் பழக்கம் இல்லை!" நேராக முன்சீப் பக்கம் திரும்பினார். "ஐயா, அதை அழிங்க. நாளைப்பின்ன எங்க சம்பந்தி படிச்சா என்ன நினைப்பாக? மரியாதைக்குச் சொன்ன வார்த்தையை இப்படியா எழுதுறது?"

முன்சீப்புக்கே சிரிப்பு வந்துவிட்டது. டைப் அடித்த தாளை வாங்கினார். பேனாவால் அந்த வரியை அடித்தார். இங்கிலீஷுக்கு நடுவில் தமிழில் தன் கையாலேயே எழுதினார்: ‘பாத்து வாங்க.’ எட்டிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. சபாஷ் ஆச்சி!

எச்சரிக்கை போயிற்று. அடுத்தது.

"அப்ப, தரையில எண்ணெய் இருந்தது உங்களுக்குத் தெரியாது?"

"ஏன் தெரியாது? விடியக்காலம்தானே தொடைச்சாக. உமி போட்டுத் தேயிங்கடின்னேன். அதுக்குள்ள மாப்பிள்ளை வந்துட்டாரு. உமிக்கூடையைப் போட்டுட்டுப் பொண்டுக அம்புட்டுப் பேரும் மாப்பிள்ளையைப் பாக்க ஓடிட்டாளுக."

"நீங்க?"

"நானும்தான் ஓடுனேன். எம் மாப்பிள்ளைல்ல?"

இதோடு உட்கார்ந்திருக்க வேண்டும். சீ. மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆனால் சோலைமலை அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் அசையாமல் இருந்தது. அவர் கை அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. தரையில் எண்ணெய் இருந்தது சரி, குடித்தவனும் எண்ணெயில் வழுக்கலாமே என்று ஊர் சொல்லாதா?

கேட்டுவிட்டேன். "ஆச்சி, அன்னைக்குச் சோலைமலை குடிச்சிருந்தாரா?"

ஆச்சி செட்டியாரைப் பார்த்தார். செட்டியார் தலையைக் குனிந்துகொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"விழுந்தவரைத் தூக்கி உக்கார வச்சது நானும் சமையல்காரரும்தான்" என்றார் ஆச்சி. "என் கையால மோர் குடுத்தேன். இம்புட்டுக் கிட்டத்துல. எம் மூக்கு நல்லாத்தான் இருக்கு. வாசம் ஒண்ணும் இல்லை. வலியில அழுதாரு, பாவம்."

"இத்தனை நாள் ஊரெல்லாம் பேசுனாகளே, ஆச்சி. நீங்க ஏன் சொல்லலை?"

"என்னைய யாரும் கேக்கலையே, ஆத்தா."

உட்கார்ந்தேன். நாற்காலி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

18, திங்கள்.

கார்த்திகை பிறந்துவிட்டது. ஊரில் கல்யாணம், மேளச் சத்தம். எங்கே கேட்டாலும் சோலைமலை ஞாபகம். தீர்ப்பு வெள்ளிக்கிழமை.

சீ.க்குக் குரல் வந்துவிட்டது. வந்ததும் முதல் வார்த்தை: "காலை மிதிச்சேன்ல?"

"வலிச்சுது சார்."

"அப்புறம் ஏன் கேட்டே?"

"கேக்கணும்போல இருந்துச்சு."

மதியம் சீ. தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு பணியாரம் எடுத்து என் தட்டில் வைத்தார். திட்டா, பாராட்டா?

ஆச்சியை நினைத்தால்தான் கவலை. வீட்டில் செட்டியார் என்ன சொன்னாரோ. புருஷனுக்கு எதிராக ஆச்சி வாயாலேயே அல்லவா சாட்சி வாங்கிவிட்டேன்! கேட்டவள் நான், சொன்னவர் அவர். சொன்னது உண்மை. அப்படியும் மனசு அடங்கவில்லை. ஜெயித்தால் ஆச்சி முகத்தில் எப்படி முழிப்பது? தோற்றால் சோலைமலை முகத்தில் எப்படி முழிப்பது?

21, வியாழன்.

ஒன்றும் ஓடவில்லை. பிளவுஸ் கொக்கி தைத்தேன். தப்பான பக்கம்.

22, வெள்ளி.

வெயில்! கல்யாண வெயில்! ராத்திரி பெய்த மழையில் கோர்ட்டுப் படி மட்டும் ஈரம்.

முன்சீப் இங்கிலீஷில் படித்தார். சாவி செட்டியாரிடம், ஆகவே தரையும் அவர் பொறுப்பு. மேளக்காரர் காரியத்துக்காக அழைக்கப்பட்டவர். எண்ணெய் இருந்தது, உமி போடவில்லை, வீட்டாருக்கு அது தெரியும். ‘பாத்து வாங்க’ என்பது இந்த ஜில்லாவில் உபசாரம், எச்சரிக்கை ஆகாது. நான் சீ.யின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டேன். கடைசியாக அந்த வரி. வாதி மது அருந்தியிருக்கவில்லை என்று இந்தக் கோர்ட் காண்கிறது.

நஷ்ட ஈடு நாங்கள் கேட்டதில் பாதிதான். கேட்டுக்கொண்டிருந்தேனா என்பதே எனக்கு ஞாபகமில்லை.

சோலைமலைக்கு இங்கிலீஷ் தெரியாது. வராந்தாவுக்கு வந்ததும், "என்ன சொன்னாரு வக்கீலம்மா?"

"நீங்க குடிக்கலைன்னு சொன்னாரு."

"கோர்ட்டு சொல்லுச்சா?"

"கோர்ட்டுதான் சொல்லுச்சு."

"இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தத் தூணிலேயே விரல்கள் மெதுவாக ஆரம்பித்தன. டவாலிச் சேவகர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அப்போது ஆச்சி வந்தார். பின்னால் செட்டியார், கொஞ்சம் தள்ளி, வேப்ப மரத்தைப் பார்த்தபடி. எனக்கு ஓடி ஒளியத் தோன்றியது. ஆச்சி கைப்பையைத் திறந்தார். ஒரு பொட்டலம். அதற்குள் வெற்றிலை, பாக்கு, மேலே ஒரு மஞ்சள்.

"சோலைமலை, தையில எங்க சின்னவளுக்குக் கல்யாணம். நீங்கதான் வந்து வாசிக்கணும்."

சோலைமலை ஆச்சியைப் பார்த்தார். செட்டியாரைப் பார்த்தார். கை நீளவில்லை.

செட்டியார் திரும்பாமல், வேப்ப மரத்திடமே சொன்னார்: "வாங்கிக்கங்க. இந்தத் தடவையாவது கெட்டிமேளம் கேக்கணும். சாம்பார் வாளியைத் தட்டித் தாலி கட்டுன வீடுன்னு பேராகிப் போச்சு எங்களுக்கு."

சோலைமலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். வலது மணிக்கட்டு லேசாகக் கோணிக்கொண்டுதான் இருக்கிறது. "வந்துர்றேன் ஆச்சி. மச்சானையும் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு ஈரப் படியில் இறங்கப் போனார்.

ஆச்சி: "பாத்து வா..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில் கேஸ் கட்டைக் கட்டிக்கொண்டிருந்த எ.வ.வைப் பார்த்தார்.

"உமி போட்டு வைக்கிறேன்," என்றார், "வாங்க."